இருதயசெல்வியின் புள்ளைங்க

இருதயசெல்வி பஸ்ஸில் ஏறினால் குழந்தைகள் திரும்பிப் பார்க்கும். அழகைப் பார்த்து அல்ல. ஐம்பதைத் தாண்டியவள், ஒல்லி, மேல்வரிசைப் பல் கொஞ்சம் எடுப்பு. பகல் முழுக்க வறுத்த கொக்கோ கொட்டையைத் தோல் உரித்துவிட்டு வருவதால் தலைமுடியிலும் முந்தானையிலும் சாக்லெட் வாசனை ஏறிப்போயிருக்கும். அம்மா மடியில் தூங்கி வழிகிற குழந்தைகூட மோப்பம் பிடித்துக் கண்ணைத் திறந்து, வாசனை எங்கிருந்து வருகிறது என்று தேடும். அவளும் வேண்டுமென்றே குழந்தை இருக்கிற சீட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். மயிலம் ரோட்டிலிருந்து திண்டிவனம் பஸ் நிலையம் வரைக்கும் அவளுக்கு வாய்த்த சொந்தபந்தம் அவ்வளவுதான்.

அவளோடு வேலை செய்கிற மற்றப் பெண்கள் எல்லாரும் மயிலத்தைச் சுற்றியுள்ள கிராமத்துக்காரர்கள். வேலை முடிந்ததும் எதிர்ப்பக்கம் பஸ் பிடித்துக் கும்பலாகப் போய்விடுவார்கள். திண்டிவனம் பக்கம் வருகிறவள் இவள் ஒருத்தி.

வேலை செய்த இடத்தைக் கம்பெனி என்று சொன்னால் அது அதிகம். ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. புதுச்சேரிக்காரரான அந்தோணி பிரபு, கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுக் கடன் வாங்கித் தொடங்கியது. ‘கருநிலா’ என்று சாக்லெட்டுக்குப் பெயர். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கொட்டை மூட்டையில் வரும். அதை வறுத்துக் கொட்டினால், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உரிப்பார்கள். வேர்க்கடலையை, அவர்கள் பேச்சில் மல்லாட்டையை, உரித்துப் பழகிய கைகளுக்கு இது ஒரு வேலையே இல்லை. தோல் உரிக்க மெஷின் வாங்க முதலில் வசதி இல்லை. பிறகு ‘கையால் உரித்தது’ என்பதையே பெருமையாக அட்டையில் போட்டுக்கொண்டார்கள். வியாபாரம் தெரிந்தவர்கள் இப்படித்தான் இல்லாததை விற்பார்கள்.

அட்டையில் இன்னொரு வாசகமும் உண்டு. ‘குழந்தைகளின் கை படாத சாக்லெட்.’ வெளிநாடுகளில் சில கொக்கோ தோட்டங்களில் குழந்தைகளை வேலை வாங்குகிறார்கள் என்றும், அட்டையில் ஒன்று தோட்டத்தில் ஒன்றா என்று வாங்கித் தின்றவர்களே பெரிய கம்பெனிகள் மேல் வழக்குப் போடுகிறார்கள் என்றும் பிரபு படித்திருந்தார். நம் சாக்லெட்டில் அந்தப் பாவம் இல்லை என்று சொன்னால் நான்கு பேர் கூடுதலாக வாங்குவார்களே என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. கொட்டகையில் பதினெட்டுக்குக் குறைந்த ஒருத்தரும் வேலை செய்ததில்லை. அது சத்தியம்.

இருதயசெல்வியைச் செஞ்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளை பிறக்கவில்லை. புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தான். இவள் துணிமணியை எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு, அம்மாவிடம் வந்துவிட்டாள். அந்த ஆளைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரி செலவழிக்க எனக்கு மனமில்லை. அம்மாவும் போன பிறகு மாதா கோயில் தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறை. ஒருத்திக்குச் சமைப்பது பெரிய தொல்லை. எவ்வளவு கொஞ்சமாக வைத்தாலும் குழம்பு மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் திங்கட்கிழமை காலை வரைக்கும் அவள் குரலை அவளே கேட்கமாட்டாள்.

கொட்டகையில் சேர்ந்த முதல் நாள், கூட்டத்தில் மூத்தவளான லட்சுமியம்மாள், எத்தனை பிள்ளைங்க என்று கேட்டாள். ஊர்ப்பக்கம் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் கேட்கிற கேள்விதான். அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று சொன்னால் எதிரில் இருக்கிறவர் முகம் எப்படிப் போகும் என்பதை ஆயுசு முழுக்கப் பார்த்தவள் இவள். ‘பையன் வெளியூர்ல’ என்று வாய் சொல்லிவிட்டது. அவ்வளவுதான் அவள் சொன்ன பொய். மீதியை மற்றவர்களே கட்டிக்கொண்டார்கள். அஸ்வினி என்கிற இளம்பெண் அவன் மஸ்கட்டில் இருக்கிறான் என்றாள். வேறொருத்தி அவனுக்குக் கல்யாணமும் பண்ணிவைத்தாள். இருதயசெல்வி மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பொய் அவளைத்தான் சுட்டது. பொங்கல், கிறிஸ்துமஸ், யார் வீட்டுக் காதுகுத்து என்றாலும் அவளை யாரும் வற்புறுத்திக் கூப்பிடவில்லை. அவளுக்கென்ன, மகன் இருக்கிறான், லீவில் வருவான் என்று விட்டுவிட்டார்கள். அஸ்வினியின் மகள் எந்தக் கணக்கில் தடுமாறுகிறாள், லட்சுமியம்மாளின் பேரனுக்கு எந்தப் பக்கம் காது வலி என்பதுவரை அவளுக்குத் தெரியும். அந்தக் குழந்தைகளில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை.

கொட்டகைக்குள் மட்டும் அவள் பணக்காரி. ‘வா புள்ள’, ‘தண்ணி குடி புள்ள’, ‘இன்னா புள்ள மூஞ்சி வாடிக்கெடக்கு’ என்று நாளெல்லாம் அவள் வாயில் அதே பேச்சு. சனிக்கிழமை தோறும் கேப்பை அடை சுட்டு எடுத்துக்கொண்டு வந்து, என் புள்ளைங்களுக்கு என்று சொல்லி இலையில் வைப்பாள். இளையவர்களைப் புள்ள என்று கூப்பிடுவது இந்தப் பக்கம் எல்லாரும் செய்வதுதான். இவள் அறுபதைத் தாண்டிய லட்சுமியம்மாளையும் அப்படித்தான் கூப்பிடுவாள். என்னியா புள்ளன்ற என்று அந்த அம்மாள் சிரிப்பாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வினை ஒரு வீடியோவில் வந்தது. விளம்பரத்துக்காகப் பெங்களூரிலிருந்து ஒரு பெண் கேமராவோடு வந்து எல்லாரையும் படம் பிடித்தாள். யாராவது நான்கு வார்த்தை பேசுங்கள் என்றதும் மற்றவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு இவளைத் தள்ளிவிட்டார்கள். இருதயசெல்வி கேமராவைப் பார்த்து, கல்யாண வீட்டுச் சம்பந்தியம்மாள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்:

“இங்க எல்லா வேலையும் எங்க புள்ளைங்கதாங்க செய்யுதுங்க. உரிக்கிறது, பொறுக்கறது, பேப்பர் சுத்தறது எல்லாமே புள்ளைங்க கைதான்.”

பெங்களூரில் உட்கார்ந்து யாரோ அதற்குக் கீழே இங்கிலீஷில் எழுத்துப் போட்டார்கள். இங்கே எல்லா வேலையையும் எங்கள் குழந்தைகளே செய்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். அட்டையில் இருக்கிற கறுப்புக் கட்டத்தைப் போனில் காட்டினால் அந்த வீடியோ ஓடும். அட்டையின் முன்பக்கம் குழந்தைகளின் கை படாதது என்கிறது, பின்பக்கம் குழந்தைகளின் கைதான் என்கிறது. பிரபு அதைப் பலமுறை பார்த்தவர்தான். காதில் தமிழ் விழும்போது கண் எதற்குக் கீழே போகும்?

கண் கீழே போன ஒருவர் விழுப்புரத்தில் இருந்தார். வங்கி வேலையில் மாற்றலாகி வந்திருந்த மராட்டிய அதிகாரி, தமிழ் தெரியாது. சின்ன மகளுக்கு அந்தச் சாக்லெட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு வீடியோவைப் பார்த்தவர், மகள் வாயிலிருந்ததைத் துப்பச் சொன்னாராம். நல்ல மனிதர். பத்து பைசாகூட நஷ்ட ஈடு கேட்காமல், பொய் விளம்பரத்தை நிறுத்த வேண்டும் என்று மட்டும் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டார்.

மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்ததும் கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். வழக்கு முடிகிற வரைக்கும் வேலை இல்லை என்று பிரபு கொட்டகையைப் பூட்டினார்.

மற்றவர்கள் மல்லாட்டை களத்துக்கும் ஏரி வேலைக்கும் போனார்கள். இருதயசெல்விக்குச் சர்ச்சில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்குப் பழுதில்லை. ஆனால் சில நாள் காலையில் கால் தானாகவே பஸ் நிலையத்துக்குப் போய்விடும். மயிலம் ரோட்டில் இறங்கி, பூட்டிய கொட்டகைக்கு எதிரில் சற்று நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவாள். ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுப் பார்த்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, எவரும் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் முடியிலிருந்தும் துணியிலிருந்தும் வாசனை போய்விட்டது. பஸ்ஸில் எந்தக் குழந்தையும் அவளைத் தேடவில்லை.

ஒருநாள் திண்டிவனம் காய்கறி மார்க்கெட்டில் அஸ்வினியைப் பார்த்தாள். ‘புள்ள’ என்று கூப்பிட்டுக்கொண்டு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அஸ்வினி நின்றாள், ஆனால் முகம் கொடுக்கவில்லை.

“நீ வாய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்க்கா. புள்ள புள்ளன்னு சொல்லிக்கினு எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்ட.”

அஸ்வினி பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். கோபம் நியாயமானதுதான், யார் மேலாவது காட்டவேண்டும், கைக்கெட்டின தூரத்தில் இருந்தவள் இவள். அன்று இருதயசெல்வி காய் வாங்காமலே வீட்டுக்கு வந்து, மத்தியானம் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சம்பளம் அவளுக்குக் கவலை இல்லை. கொட்டகை திறக்கவேண்டும், அந்த வட்டத்தில் தனக்கு ஓர் இடம் வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பிரபுவுக்கு வக்கீல் சவுரிராயன். விழுப்புரத்தில் பழந்தின்று கொட்டை போட்டவர். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டு, இது ஒரு வழக்கே இல்லை என்றார். எல்லாப் பெண்களிடமும் ஆதார் நகலும் ஒரு வாக்குமூலமும் வாங்கிக்கொண்டார். ஆணையத்தில் பெரும்பாலும் காகிதத்திலேயே காரியம் முடிந்துவிடுமாம். ஆனால் இந்த வழக்கு ஒற்றைச் சொல்லில் நிற்பதால் சொன்னவளையே நேரில் விசாரிக்கவேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்டது, ஆணையமும் சரி என்றது.

அவளுக்குச் சொல்லவேண்டியதை சவுரிராயன் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்தார். புள்ளைங்க என்றால் கூட வேலை செய்கிற பெண்கள், எங்கள் ஊர் வழக்கம் அது, அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பிறகு, கூட வேலை செய்கிறவர்களின் குடும்ப விவரமும் இருந்த அஸ்வினியின் வாக்குமூலத்தைப் புரட்டிக்கொண்டே, “ஒரு மகன் வெளியூர்லன்னு எழுதியிருக்கு. எங்கம்மா இருக்கான்?” என்று கேட்டார்.

“வெளியூர்லதாங்க” என்றாள் இருதயசெல்வி.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போனார். ஆபீஸ் படி இறங்கும்போதுதான் அவளுக்கு விளங்கியது. விளையாட்டாகச் சொன்ன பொய் இப்போது கையெழுத்தோடு காகிதத்தில் ஏறிவிட்டது. மகன் உண்டு என்று சொன்னால் பேர் கேட்பார்கள், வயசு கேட்பார்கள், சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொன்னவள் ஆவாள். இல்லை என்று சொன்னால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும். மறுநாள் சர்ச்சைக் கூட்டிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு மாதா முன்னால் நின்றாள். மாதா கையிலும் ஒரு பிள்ளை இருந்தது. ஜெபம் எதுவும் வரவில்லை, துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

விசாரணையன்று பெண்கள் எல்லாரும் விழுப்புரம் வந்திருந்தார்கள். இவளோடு பேசவில்லை, ஆனால் வந்திருந்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் ஓர் இளம்பெண். குரலை உயர்த்தாமல் கேட்டாள். புள்ளைங்க என்றால் யார் என்றதும், சொல்லிக்கொடுத்தபடியே, கூட வேலை செய்கிற பெண்கள், ஊர் வழக்கம் என்று இருதயசெல்வி சொன்னாள். சவுரிராயன் திருப்தியாகப் பேனாவை மூடினார்.

“நானும் இந்த ஊர்தாம்மா. சின்னப் பொண்ணுங்கள அப்படிக் கூப்பிடுவாங்கன்னு எனக்கும் தெரியும். லட்சுமியம்மாள் உங்கள விட மூத்தவங்க. அவங்களயும் நீங்க புள்ளன்னுதான் கூப்பிடுவீங்கன்னு அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க. அது எந்த ஊர் வழக்கம்?”

வக்கீலம்மா தாளை எடுத்தாள். எங்க புள்ளைங்க என்று சாட்சியே சொல்லியிருக்கிறார். சாட்சிக்கு ஒரு மகன் உண்டு என்று கூட வேலை செய்கிறவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் அந்த மகன் எங்கே, எந்த வயதில் அந்தக் கொட்டகையில் வேலை செய்தான் என்று கேட்டாள். சவுரிராயன் எழுந்து ஆட்சேபித்தார். ஆணையத் தலைவர் அவரைக் கையமர்த்திவிட்டு இவள் பக்கம் திரும்பினார்.

“பயப்படாம சொல்லுங்கம்மா. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?”

அதே கேள்வி. ஒரு மகனைச் சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம். தேடினாலும் கிடைக்காத மகன். ஆனால் அவனைத் தேடிக்கொண்டே வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும், கொட்டகை பூட்டியே கிடக்கும். இருதயசெல்வி பின்வரிசையைப் பார்க்காமல், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“எனக்குப் புள்ளையே பொறக்கலீங்க ஐயா. வெளியூர்ல ஒருத்தன் இருக்கறான்னு நான்தான் பொய் சொல்லிக்கினு இருந்தேன். அஸ்வினி மேல தப்பு இல்ல, அது நம்பிடுச்சி. இவங்கள புள்ளைங்கன்றது ஊர் வழக்கம்லாம் இல்லீங்க. நான் மட்டுந்தான் சொல்லுவேன். அந்த வார்த்தய வாய் நெறைய சொல்லணும்னு இருக்கும். வூட்ல சொல்றதுக்கு ஆளு இல்லீங்க.”

டைப் அடிக்கிறவர் எதை அடிப்பது என்று தெரியாமல் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நிதானமாகச் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். சாட்சிக்குக் குழந்தைகள் இல்லை. சக பணியாளர்களை அவ்வாறு அழைப்பது சாட்சியின் தனிப்பட்ட பழக்கம். ஒரு மனுஷியின் ஆயுசு இரண்டு வரியில் அடங்கிவிட்டது. மராட்டிய அதிகாரிக்கு அவர் வக்கீல் மெதுவாக எடுத்துச் சொன்னாள். அவர் எழுந்து இருதயசெல்வியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அஸ்வினி வலிய வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மார்க்கெட்டில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் ஜன்னலோரத்தை இவளுக்கு விட்டுக்கொடுத்தாள். வழியில் அஸ்வினியின் மகள் போன் செய்தாள். வேறு நாளாக இருந்தால் ஊர் போய்ச் சேரும்வரை கொஞ்சியிருப்பாள். அப்புறம் பேசறேன் என்று ஒரே வார்த்தையில் வைத்துவிட்டு, இருதயசெல்வியை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

தீர்ப்பு பிரபு பக்கம் வந்தது. அட்டையில் இருப்பது பொய்யில்லை, வீடியோவின் மொழிபெயர்ப்பை மட்டும் திருத்தவேண்டும் என்றார்கள். கொட்டகை திறந்தது. வட்டத்தில் இருதயசெல்வியின் இடம் அப்படியே இருந்தது.

எல்லாரும் அவளிடம் நல்லவர்களாகிவிட்டார்கள். கொடுமை அங்கேதான் தொடங்கியது. லட்சுமியம்மாள் தன் டப்பாவிலிருந்து பாதியை எடுத்து அவளுக்கு வைத்தாள். காது வலி, கணக்குப் பரீட்சை, ஸ்கூல் வேன் எல்லாப் பேச்சும் அவள் வந்து உட்கார்ந்ததும் நின்றுபோனது. வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசினார்கள். கொட்டகை பூட்டியிருந்த நாளில் உண்டான அஸ்வினிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்திருந்தார்கள். இருதயசெல்வி கை கழுவப் போன நேரம் பார்த்து அஸ்வினி மற்றவர்களைக் கூப்பிட்டு முடித்துவிட்டாள். ஈரக் கையோடு திரும்பியவளைக் கண்டதும் அத்தனை பேரும் கொட்டை உரிப்பதில் மும்முரமானார்கள். பிள்ளை பெறாதவள் வளையல் போடக்கூடாது என்று அவர்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். அவர்களைத் திட்டலாமா என்றால் திட்டவும் வாய் வரவில்லை. வெளியூரில் ஒரு மகன் இருந்திருந்தால் அவளும் போயிருப்பாள்.

பிரபு தன் பங்குக்கு ஒரு ஏற்பாடு செய்தார். இனிமேல் கொட்டகைக்குள் அந்தச் சொல்லே வேண்டாம், எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். வக்கீல் சொன்ன யோசனையாம். பயந்தவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. வீடியோவை மறுபடி எடுத்தார்கள். ‘இங்கே எல்லா வேலையையும் எங்கள் பெண் பணியாளர்கள் செய்கிறார்கள்’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். இருதயசெல்வி தப்பில்லாமல் முதல் தடவையிலேயே சொல்லி முடித்தாள்.

அன்று மத்தியானம் அஸ்வினி வெயில் படுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே தள்ளி உட்காரச் சொல்லவேண்டும் என்று இருதயசெல்விக்குத் தோன்றியது. வழக்கமான சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, “அஸ்வினி” என்று கூப்பிட்டாள்.

அந்தக் குரலில் தன் பேரை அஸ்வினி கேட்டதே இல்லை. ஏதோ தப்புச் செய்துவிட்டோம் போலிருக்கிறது என்று தரையில் கையை ஊன்றி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“சொல்லுங்கக்கா” என்றாள். இத்தனை நாளும் அவளிடம் நீ என்று மட்டுமே பேசியவள்.